அத்தானின் நாடிப் பருவும் என் கெந்தகமும்

அத்தான்,

கடிதம் என்றால் விலாசம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். உங்களுக்கு இப்போது விலாசம் இல்லை. முகம்தான் இருக்கிறது. அதுவும் ராணி வேஷம் போட்ட முகமில்லை. தோல் உரிந்து, சிவந்து, நான் கெடுத்து வைத்த முகம். அந்த முகத்துக்குத்தான் எழுதுகிறேன்.

இன்று காலை பெரியம்மா மகன் சின்னராசா அண்ணன் வந்தார். வேலிப் படலையடியில் நின்றபடியே மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். குப்பென்று கெந்தக வாசம்.

"ஏறாவூர் முஸ்லிம் காக்காட கடையில வாங்கினன்கா. அத்தான் பூசினது இதுதானே? எப்படிக் குழைக்கிற எண்டு சொல்லித் தா."

இந்த வருஷக் கூத்தில் ராணி வேஷம் அவருக்கு. வயது பத்தொன்பது. நெற்றி நிறையப் பரு. நீங்கள் உங்கள் முகத்துக்கு நீங்களே கெந்தகம் பூசினீர்கள், பட்டை உரிந்து புதுத்தோல் வந்தது, அந்தத் தோலோடுதான் ராணியாக ஆடி ஊரை அழவைத்தீர்கள் என்று ஊரில் ஒரு கதை நடக்கிறது. அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அது என்னால் வந்த பொய்.

"பின்னேரம் வாங்க, ஆக்கி வைக்கிறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வருவதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். பூசியது யார் என்று சொல்வதா, இல்லை, கலக்கிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதா? வாய்க்குப் பூட்டில்லாதவள் என்று என்னைப் பற்றி நீங்கள்தான் சொல்வீர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வருஷமாகப் பூட்டித்தான் கிடக்கிறது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் குடியேறுவார். நீங்களும் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். பெட்டிக்குள் இரண்டு சாரம், ஒரு சவரக்கத்தி, ஒரு பெரிய கைக்கண்ணாடி, முகத்துக்குப் பூசுகிற முத்துவெள்ளை ஒரு பொதி. கண்ணாடியைக் கண்டதும் அக்காவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பகலில் வயல் வட்டையில் வரம்பு வெட்டுகிற ஆள், கூத்துக் களரியில் பெண்வேஷக்காரர் என்று பிறகுதான் விளங்கினது.

"எங்கட வீட்டில மூணு பொம்பிளையள். அம்மா, அக்கா, அத்தான். அதுல வடிவு அத்தான்தான்" என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

"நாலாவதா ஒண்டும் திரியுது. அது பொம்பிளையா குரங்கா எண்டுதான் இன்னும் தெரியல்ல" என்று நீங்கள் திருப்பித் தந்தீர்கள். அன்றிலிருந்து நம் இருவருக்கும் போர்தான். சமாதானம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்.

எனக்குப் பதினைந்து வயதானபோது நெற்றியில் பரு வந்தது. ஒன்றிரண்டல்ல, ஒரு விதைப்பு. பருவம் என்றால் பரு வரத்தான் செய்யும் என்று அம்மா சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "என்னகா, புட்டுப் பானைக்குள்ள தலைய விட்டயா?" நான் அழவில்லை. ஏறாவூர்க் கடைக் காக்காவிடம் கெந்தகம் வாங்கி, அம்மியில் அரைத்து, தேசிக்காய்ப் புளி, எலுமிச்சைச் சாறுதான், விட்டுக் குழைத்து, நெற்றியில் தடவினேன். காலையில் எண்ணெய்ச் சட்டி போல மினுங்கிக் கிடந்த நெற்றி இரண்டு கிழமையில், பதினாலே நாளில், காய்ந்து அடங்கிவிட்டது. அதோடு எனக்குத் தலை கனத்துப் போனது. ஒரே ஒரு நெற்றியைக் குணப்படுத்திவிட்டு ஊர்ப் பரியாரி ஆகிவிட்டேன்.

அதே வருஷம்தான் அண்ணாவியார் உங்களுக்கு ராணி வேஷம் கொடுத்தார். கூத்துப் பழக்குகிறவர் அவர். களரியில் அவர் சொன்னால் சொன்னதுதான். பத்து வருஷமாகத் தோழியாகவே ஆடிய உங்களுக்கு, நாட்டை இழந்து காடு போகிற ராணி. உங்களுக்கு அப்போது முப்பத்திநாலு. "இவனுக்கு இந்த வருஷம்தான். அடுத்த வருஷம் இடுப்பு வளையாது" என்று அண்ணாவியார் உங்கள் காதுபடவே சொன்னாராம். அந்தச் சந்தோஷத்திலும் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. அரங்கேற்றத்துக்கு முன் வருகிற சதங்கை அணிகிற நாள்வரை யாருடைய வேஷத்தையும் அண்ணாவியார் மாற்றலாம். காலில் சதங்கை ஏறிவிட்டால் மாற்ற முடியாது. சின்னராசா அண்ணன், அப்போது பதினேழு வயது, ராணியின் பாட்டு முழுவதையும் பாடமாக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

பழகுகிற நாட்களில் யாரும் முகத்துக்குப் பூச மாட்டார்கள். நீங்கள் மட்டும் பூசினீர்கள். ஒவ்வொரு நாளும்! சவரக்கத்தியைக் கீழிருந்து மேலே இழுத்து இழுத்துத் தாடையை வழித்து, முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடிப்பாக அப்பிக்கொண்டுதான் போவீர்கள்.

"என்னத்துக்கு அத்தான்? அரங்கேத்தத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கே" என்று கேட்டேன்.

"வெள்ளை பூசாட்டி ராணி வரமாட்டாகா. என்ட முகத்தைக் கண்டா அவ கிறுகித் திரும்பிப் போயிருவா."

பழகி முடிந்து வந்தால் தோளில் கிடக்கிற துண்டால் ஒரு துடைப்பு. பிறகு அப்படியே பாயில் விழுந்துவிடுவீர்கள். ஒரு மாதம் போகவில்லை, மோவாய் நாடியிலும் தாடையோரத்திலும் பரு கிளம்பினது. என்னுடையது போல மேலால் எட்டிப் பார்க்கிற பரு இல்லை. உள்ளுக்குள் கல்லுப் போலக் கிடந்து, தொட்டால் உங்களைத் துள்ளவைக்கிற பரு.

கலியாணம் முடிந்தால் பரு போய்விடும் என்பதுதான் ஊரின் மருத்துவம். ரெண்டு புள்ளைக்குத் தகப்பன், இன்னும் பருவமோ என்று கிணற்றடியில் அக்காவிடம் கேட்டார்கள். அக்கா குடத்தை அரைவாசியில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பதினைந்து வயதில் பரு வந்தால் சிரிப்பார்கள், மறந்துவிடுவார்கள். முப்பத்திநாலில் வந்தால் காரணம் தேடுவார்கள். நீங்கள் அந்தக் கிழமை சந்தைக்குப் போகவில்லை. தாடைக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, பல்லுக்குத்து என்று சொன்னீர்கள்.

எனக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை, குறும்புதான் வந்தது. ஒரு மத்தியானம் விறாந்தையில் நீங்கள் குறட்டை விட்டுக் கிடந்தபோது, ஈர்க்கில் கரி தொட்டு ஒவ்வொரு பருவையும் சுற்றி வட்டம் கீறி, ஆளுக்கோர் ஊர்ப் பெயர் வைத்தேன். நாடியில் பெரியது ஏறாவூர். இடது தாடையில் செங்கலடி. அதற்குக் கீழே சித்தாண்டி. வாய்தான் வாவி, திறந்துதான் கிடந்தது. எழும்பிக் கண்ணாடி பாராமல் நேரே களரிக்குப் போய்விட்டீர்கள். மத்தளக்காரர் அடியை மறந்து சிரித்தாராம்.

அடுத்த நாள் என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பழி வாங்கினீர்கள். என் முகத்தில் மிச்சமிருந்த பருக்களைச் சுற்றி நீங்களும் கரியால் கீறிவிட்டு, கண்ணாடியைத் தந்து, உங்கள் முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தீர்கள்.

"பாருகா. உனக்கு மேல முழுக்க ஊர், கீழ காடு. எனக்குக் கீழ முழுக்க ஊர், மேல வெறும் வெளி. ரெண்டையும் சேத்தாத்தான் ஒரு மாகாணம்."

நாம் இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். விடை அந்தக் கண்ணாடிக்குள்ளேயே இருந்தது அத்தான். உங்கள் பரு வேறு, என் பரு வேறு என்று கரியால் கீறிக் காட்டியாயிற்று. இருவருக்கும் விளங்கவில்லை.

சதங்கை அணிய இருபது நாள் இருக்கும்போது, யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்தீர்கள். முதல் தடவையாகப் பகிடியும் கேலியும் இல்லாத குரல். "உன்ட நெத்திக்குப் போட்டயே, அதை எனக்கும் போடுகா. அண்ணாவியார் என்ட முகத்தைப் பாத்திட்டுச் சின்னராசாவப் பாக்கிறார்."

நான் உள்ளபடி சொல்கிறேன். எனக்குப் பெருமையில் கால் நிலத்தில் படவில்லை. பெரிய ஆளுக்குப் பெரிய மருந்து என்று நினைத்து, எனக்குப் போட்டதைவிட இரண்டு மடங்கு கெந்தகம், இரண்டு மடங்கு தேசிக்காய்ப் புளி. நாடியிலிருந்து காதடி வரை நானே என் விரலால் தடவினேன்.

"எரியுதுகா."

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுது எண்டு அர்த்தம். காட்டுக்குப் போற ராணி இதுக்கே அழுதா எப்படி?"

"புள்ள, நல்லா எரியுது."

"காயட்டும். பொறுங்க."

நீங்கள் பொறுத்தீர்கள். நான் சுளகில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். கழுவியபோது முகத்தின் கீழ்ப்பாதி செம்பருத்திப் பூ நிறம். அடுத்த நாள் வெடித்தது. மூன்றாம் நாள் உரிந்தது. உரிந்த தோலுக்குக் கீழே பருக்கள் அப்படியே கிடந்தன.

டிஸ்பென்சரிக்குக் குடை பிடித்துக்கொண்டு நானும் கூட வந்தேன். மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உங்கள் நாடியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் இதைப் பூசினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள். "நான்தான் ஐயா. கண்ணாடியப் பாத்துப் பாத்துப் பூசினன்."

நான் குடையை மடித்து விரித்தேன். பிறகு மடித்தேன். சொல்லவில்லை.

"மடையன்" என்றார் ஐயா, அன்பாகத்தான். பிறகு என்னைக் கூப்பிட்டு உங்களுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். "இந்தப் பிள்ளைக்குப் பதினைஞ்சு வயசு. நெத்தி, மூக்கு எல்லாம் எண்ணெய் வழியிற தோல். பரு வந்தாலும் மேலாலதான் நிக்கும். கெந்தகம் பட்டா காய்ஞ்சு போகும். உமக்குப் பரு நாடியிலயும் தாடையிலயும், ஆழத்தில. மேல்தோலோ ஏற்கெனவே காய்ஞ்சு கிடக்கு. காய்ஞ்ச தோலை இன்னும் காயவைச்சா வெடிக்காமல் என்ன செய்யும்?"

"கலியாணம் முடிச்சவனுக்கும் பரு வருமா ஐயா?"

"பருவுக்குத் தாலி தெரியாது" என்றார். நீங்கள் அங்கேயே சிரித்துவிட்டீர்கள். சிரித்ததில் தோல் வெடித்து நொந்தது.

சவரம், பூச்சு, துண்டால் துடைக்கிறது எல்லாவற்றையும் கேட்டு அறிந்துகொண்டு ஐயா கட்டளை போட்டார். கெந்தகம் கூடாது. தேங்காயெண்ணெய் முகத்தில் படக்கூடாது. காலையும் மாலையும் பயற்று மாவால் மெதுவாகக் கழுவ வேண்டும், தேய்க்கக்கூடாது. கத்தி மயிர் போகிற பக்கமே போக வேண்டும். கையை வைத்து நெருடக்கூடாது. அரங்கேற்றம்வரை முத்துவெள்ளையைத் தொடவே கூடாது. எரிவுக்கு ஒரு போத்தலில் வெளிறிய சிவப்புத் தண்ணி மருந்தும் தந்தார்.

"எப்ப ஐயா மாறும்?"

"இவளுடையது ரெண்டு கிழமையில போச்சு. உம்முடையது ரெண்டு மூணு மாசம் எடுக்கும். வளர்ந்த தோல் அவசரப்படாது."

சதங்கைக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. திரும்பி வருகிற வழியில் நான் கேட்டேன்: "அத்தான், ஏன் பொய் சொன்னீங்க?"

"என்ன பொய்? பூசச் சொன்னது நான்தானே" என்றீர்கள். அதற்குப் பிறகு வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, "வெள்ளை இல்லாட்டி அவ வரமாட்டாகா" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னீர்கள். நோவுக்கு அழாத கண் அப்போதுதான் கலங்கினது.

அந்தப் பதினாறு நாளும் பயற்றை வறுத்தது நான், அரைத்தது நான், அரித்தது நான். அக்கா ஆச்சரியப்பட்டாள். "என்ன இது, வேலைக்கள்ளி திருந்திட்டாளே!" நானும் ஒரு முகத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன், அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். எரிவு அடங்கினது. பருவில் இரண்டு சுருங்கினது. மிச்சம் அசையவில்லை.

சதங்கை அணிகிற நாள், வெயில் சாய்கிற நேரம், பெண்கள் எல்லோரும் வேலியோரமாக நின்றோம். நீங்கள் வெறும் முகத்தோடு களரிக்குள் இறங்கினீர்கள். சிவப்பும் செதிலும் அங்கங்கே பருவுமாக. சிரிப்பு முதலில் பின்னால் கிளம்பி முன்னுக்கு வந்தது. சின்னராசா அண்ணன் விட்டாரா?

"அத்தான், ராணி காட்டுக்குப் போகணும் எண்டுதான் கதை. காடு ராணிட முகத்துக்கே வந்திட்டே!"

நீங்கள் கொண்டையை முடிந்துகொண்டே சொன்னீர்கள்: "ஓம் மனே. அரண்மனையில இருக்கிறவனுக்குக் காடு பகிடிதான்."

"கதை காணும், போதும். மத்தளத்தைத் தட்டு" என்றார் அண்ணாவியார்.

நான் வேலிக் கம்பைப் பிடித்திருந்தேன். நீங்கள் முதல் அடி வைத்தபோது கால் பிந்தியது. இரண்டாம் அடியும் பிந்தியது. பிறகு ராணி, கைப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொதிக்கிற மணலில் இறங்குகிற இடம் வந்தது. நீங்கள் குனிந்து, வெறுங்கையால் அந்தப் பிள்ளையின் தலைக்கு வெயில் மறைத்தீர்கள். உங்கள் முகத்துக்கு மறைக்கவில்லை. அந்த வெடித்த முகத்தை வெயிலுக்கே காட்டிக்கொண்டு பாடினீர்கள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற கிணற்றடிப் பெண் முந்தானையை வாயில் வைத்தாள். வெள்ளை இல்லாமலே அவ வந்துவிட்டா அத்தான். உங்கள் முகத்தைக் கண்டு கிறுகிப் போகவில்லை.

அண்ணாவியார் எழும்பிவந்து, தானே குனிந்து, உங்கள் காலில் சதங்கையைக் கட்டினார். "வெள்ளை பூசின ராணியள நான் நிறையப் பாத்திட்டன். வெயில்ல நடந்த ராணிய இண்டைக்குத்தான் பாக்கிறன். உனக்கு முகத்தில என்னடா மனே?"

"கெந்தகம் பூசினன் அண்ணாவியார். நானேதான்."

இரண்டாம் தடவை. அந்தத் தடவையும் நான் வேலிக்குப் பின்னாலேயே நின்றேன்.

அரங்கேற்றத்தை ஊரே பார்த்தது. அதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடிந்ததும் நீங்கள் வீட்டுக்கு வந்து, களைத்துப்போய்ப் பாயில் விழப் போனீர்கள். அக்கா வெந்நீரோடும் நான் பயற்று மாவோடும் வழியை மறித்தோம். ஒரு பொட்டு வெள்ளை மிச்சமில்லாமல் கழுவித் துடைத்த பிறகுதான் படுக்க விட்டோம். மூன்றாம் மாதம் முகம் தெளிந்தது. நாடியில் ஒன்று மட்டும் போகாமல் நின்றது. "அது ஏறாவூர். பழைய ஊர், லேசில அழியாது" என்றீர்கள்.

அடுத்த மாரியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. அதைப்பற்றி எழுத எனக்கு ஒண்ணாது. ஒரு வருஷம் முழுக்க ராணியாக ஊர் உங்களைக் கூப்பிட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இதுவரை எழுதியபோது படலை கிரீச்சிட்டது. எழுதுகோலை வைத்துவிட்டுப் போனேன். இப்போது விளக்கு ஏற்றியாயிற்று, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னராசா அண்ணனை வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். நெற்றி, மூக்கு, எல்லாம் மினுங்குகிறது. பரு மேலால் நிற்கிறது. என்னுடைய ஜாதிப் பரு. "உங்களுக்குக் கெந்தகம் சரிவரும். தேசிக்காய்ப் புளி கூடாது. இத்தனூண்டு கெந்தகம், பன்னீரில. முதல்ல முழங்கையின் உள்பக்கம் பூசி ஒருநாள் பாக்கணும். எரிஞ்சா உடனே கழுவிப்போட்டு என்னட்டச் சொல்லணும்."

"எரிஞ்சாத்தானேகா வேலை செய்யும்? அத்தான் பொறுத்தவர்தானே?"

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும் என் வாய்ப் பூட்டு கழன்று விழுந்துவிட்டது.

"அத்தான் பூசல்ல. நான் பூசினன். எரியுது எண்டு ரெண்டு தரம் சொன்னவர், நான் கேக்கல்ல. அந்தக் கெந்தகத்தால அவர்ட முகம் தெளியல்ல, வெந்துதான் போனது. அவர் என்னைக் காட்டிக் குடுக்கல்ல."

சின்னராசா அண்ணன், "அண்டைக்கு நான் வேற பகிடி பண்ணினனே" என்று மெல்லச் சொன்னார். மருந்தை வாங்கிக்கொண்டு போனார். நாளைக்கு ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். தெரியட்டும்.

திரும்பினால் குசினி வாசலில் அக்கா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அழத் தயாரானேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். "டிஸ்பென்சரியால வந்த அண்டைக்கே அவர் சொன்னவர்."

"ஏன்கா என்னட்டக் கேக்கல்ல?"

"கேக்க வேண்டாம் எண்டவர். அவ தானாச் சொல்லுவா, சொல்லுற அண்டைக்கு ஏசாத, ரெண்டு பாலப்பம் கூடச் சுட்டுக் குடு எண்டவர்." சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ரெண்டு வருஷமாப் பாத்துக்கொண்டிரிக்கன். வா, சுறுக்கா வந்து தேங்காயத் திருவு."

திருவினேன் அத்தான். அப்பச்சட்டி சூடேறுகிற சத்தம் கேட்கிறது. எனக்கு வழக்கமாக நாலு. இன்றைக்கு ஆறு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு நாலாவது